சீனி வருத்தமும் உடம்பின் காவலும்: வாசகர் கேள்வி, டொக்டர் பதில்

பெரும்போகத்துக்கு வயல் விதைக்கத் தொடங்கியதிலிருந்து வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. சீனி வருத்தக்காரருக்குப் புண் ஏன் மாறுவதில்லை, காய்ச்சல் ஏன் விடாமல் இழுக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறார்களே அது என்ன குறைவு என்று. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதையே பேசுவோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி, களுவாஞ்சிக்குடியிலிருந்து: என் அப்பாவுக்கு 61 வயது. சீனி வருத்தம் வந்து பத்து வருடத்துக்கு மேல். பெருவிரலுக்கு அடியில் வந்த சின்னப் புண் ஒன்றரை மாதமாக மாறவில்லை. கிளினிக்கில் "சீனியால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது" என்றார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்கள் 8,200, சரியான அளவு என்றே எழுதியிருக்கிறது. பிறகு எப்படிக் குறைவு என்கிறார்கள் டொக்டர்?

பதில்: நல்ல கேள்வி மகள். ரிப்போர்ட்டை இந்த அளவுக்கு ஊன்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. 4,000 தொடக்கம் 11,000 வரை இருந்தால் சரியான அளவு என்று எழுதுவார்கள். ஆனால் அந்தத் தாளில் எத்தனை கலங்கள் என்றுதான் இருக்கும், அவை வேலை செய்கின்றனவா என்று இருக்காது, சீனி வருத்தத்தில் பெரும்பாலும் பழுதாவது அந்த வேலைதான். யானைக் காவலுக்கு வாடியில் பத்துப் பேர் படுத்திருக்கிறார்கள், யானை வேலியை முறித்து வயலுக்குள் வந்த பிறகுதான் ஒவ்வொருவராக எழும்புகிறார்கள் என்றால் ஆள் கணக்கைச் சொல்லி என்ன பயன்?

வெண்குருதிக் கலங்களில் அரைவாசிக்கு மேல் நியூட்ரோபில் என்ற வகை. புண்ணில் பற்றீரியா நுழைந்தால் முதலில் ஓடி வருவது இதுதான். இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி, அதன் இடுக்கால் நழுவி வெளியே வந்து, கிருமி இருக்கும் பக்கத்தை இரசாயன வாடை பிடித்துத் தேடிப் போய், அதை விழுங்கி, உள்ளுக்குள்ளே வைத்துக் கொல்ல வேண்டும். இரத்தத்தில் சீனி கூடி நிற்கும்போது இந்த ஒவ்வொரு படியும் மந்தமாகிறது. கொல்லும் வேலையைப் பாருங்கள். விழுங்கிய கிருமியின்மேல் நியூட்ரோபில் ஒட்சிசனிலிருந்து செய்த ஒரு நச்சைப் பாய்ச்சும். அந்த நச்சைச் செய்ய என்.ஏ.டி.பி.எச். என்ற ஒரு பொருள் வேண்டும். சீனி தேவைக்கு மேல் கலத்துக்குள் ஏறினால் (நியூட்ரோபிலுக்குள் சீனி போக இன்சுலின் கதவு திறந்துவிட வேண்டியதில்லை, வெளியே கூடினால் உள்ளேயும் கூடும்) அந்த மிச்சச் சீனியை சோபிற்றோல் என்ற வேறொரு பொருளாக மாற்றும் வேலை தொடங்கிவிடுகிறது, அந்த வேலைக்கும் இதே என்.ஏ.டி.பி.எச். தான் செலவாகிறது. கிருமியைக் கொல்ல வைத்திருந்தது சீனியைச் சமாளிப்பதில் தீர்ந்துபோகிறது. விழுங்கப்பட்ட கிருமி உள்ளே உயிரோடு கிடக்கும்.

மற்றப் பக்கத்தில் ஒரு வேலை கூடிப்போகிறது, அதுவும் கெடுதல்தான். நியூட்ரோபிலுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. தன் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழைகளை வெளியே வீசி, கிருமியை அதில் சிக்கவைத்துத் தானும் செத்துவிடும். சீனி கூடிய உடம்பில் இந்தக் கலங்கள் தேவையில்லாத நேரத்திலும் அப்படி இழை வீசுகின்றன என்று 2015இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அந்த இழைகள் புண்ணில் தேங்கி நின்று, ஓரத்திலிருந்து வளர்ந்து வரவேண்டிய புதுத் தோலை வரவிடாமல் மறிக்கின்றன. அப்புறம் மக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கிக் கலங்கள். முதல் சில நாள் சண்டை பிடித்துவிட்டு, பிறகு குணத்தை மாற்றிக்கொண்டு, செத்த கலங்களைத் துப்புரவாக்கி, புதுச் சதை வளர உதவுவது இவற்றின் வேலை. சீனி வருத்தக்காரரின் புண்ணில் இவை அந்தச் சண்டைக் குணத்திலேயே வாரக்கணக்காக நின்றுவிடுகின்றன. புண்ணைப் பார்த்தால் சுற்றிவரச் சிவந்து, கசிந்துகொண்டு, நடுவில் ஒன்றும் வளராமல் இருக்கும். உங்கள் அப்பாவின் புண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பழி முழுவதையும் கலங்களின்மேல் போட்டுவிடாதீர்கள். பத்து வருடச் சீனியில் பாதத்தின் நரம்பு மரத்திருக்கும், காலுக்குப் போகும் குழாய்கள் ஒடுங்கியிருக்கும். நோ தெரியாததால் அவர் அந்தப் புண்ணின்மேலேயே நடந்துகொண்டிருப்பார். ஒன்றரை மாதம் என்பது பொறுத்துப் பார்க்கிற காலம் அல்ல மகள். இந்தக் கிழமையே ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிப்போங்கள். காலில் நாடித்துடிப்பு பார்க்கச் சொல்லுங்கள், எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள், அந்த விரலில் பாரம் விழாமல் நடப்பது எப்படி என்றும் கேட்டு வாருங்கள். வீட்டில் தேயிலைத் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைத்துக் கட்ட வேண்டாம். சுடுதண்ணீரில் காலை ஊறவைக்கவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அவித்தெடுத்ததுபோல் தோல் கழன்று வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி, வவுணதீவிலிருந்து: 46 வயது, வயல்தான் தொழில். மூன்று வருடமாக மெட்போமின் குளிசை எடுக்கிறேன். எங்கள் பக்கம் சீனி வருத்தம் இருந்த ஒருவர் போன மாரியில் காய்ச்சலில் விழுந்து ஒரு கிழமைக்குள் இறந்துவிட்டார். மெலியோய்டோசிஸ் என்று சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் எலிக்காய்ச்சலுக்குக் குளிசை எடுக்கிறோம். அது போதாதா? சீனி இருப்பவரை மட்டும் இது ஏன் பிடிக்கிறது?

பதில்: தம்பி, இந்த இதழில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் என்றிருந்தால் உங்களுக்குத்தான் எழுதியிருப்பேன்.

மெலியோய்டோசிஸ் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வருவது. 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு வைத்தியர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருக்கிறார். அதற்குப் பிறகு நெடுங்காலம் யாரும் தேடவில்லை, 2006க்குப் பிறகு ஆய்வுகூடங்கள் குறிவைத்துத் தேடத் தொடங்கியதும்தான் நம் நாட்டில் பல மாவட்டங்களில் இது இருப்பது தெரிய வந்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. வடகீழ்ப் பருவமழை பெய்து வயலும் வரம்பும் ஊறிக் கிடக்கும் காலத்தில் நோயாளர் கூடுவார்கள். மண் நனையும்போது கிருமி மேலே வருகிறது, நாமும் அதே நேரம் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறோம். காலில் உள்ள வெடிப்பு, கையில் அறுகம்புல் கிழித்த கீறல், குடிக்கும் தண்ணீர், பெருங்காற்று மழையில் மூச்சோடு போகும் நீர்த்துளி, எந்த வழியாலும் அது உள்ளே போகலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அதே சேற்றில் பத்துப் பேர் நிற்கிறார்கள், பத்துப் பேருக்கும் கிருமி படுகிறது, பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. சீனி வருத்தம் உள்ளவருக்கு நோயாக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வேறு எந்தத் தொற்றிலும் சீனி இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டுவது அரிது. காரணம், இந்தக் கிருமி விழுங்கப்பட்டாலும் சாகாமல் கலத்துக்குள்ளேயே ஒளிந்து பெருகத் தெரிந்த கிருமி. அதை அடக்க வேண்டுமானால் நியூட்ரோபில்கள் உடனே வரவேண்டும், வந்ததும் விழுங்க வேண்டும், சண்டை முடியும்வரை சாகாமல் தாக்குப் பிடிக்கவும் வேண்டும். தாய்லாந்தில் சீனி வருத்தக்காரரின் நியூட்ரோபில்களை எடுத்து இதே கிருமியோடு சேர்த்துப் பார்த்தபோது மூன்றிலுமே குறை தெரிந்தது: அழைப்புக்கு நகர்வது குறைவு, விழுங்குவது குறைவு, கிருமியைக் கண்டபின் ஆயுளை நீட்டிக்கொள்ளும் திறனும் குறைவு. மேலே களுவாஞ்சிக்குடி மகளுக்குச் சொன்ன அதே பழுது, இங்கே உயிரோடு விளையாடுகிறது.

எலிக்காய்ச்சல் குளிசையைப் பற்றி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் தருகிற டொக்சிசைக்ளினைக் கட்டாயம் எடுங்கள், எலிக்காய்ச்சலும் கொல்லக்கூடியதுதான். ஆனால் கிழமைக்கு ஒருமுறை போடும் அந்தக் குளிசையை மெலியோய்டோசிசுக்கும் காவலாக நம்பிவிட முடியாது. இதற்குத் தடுப்பூசியும் கிடையாது. ஆகவே மிச்சம் இருப்பது உங்கள் காலும், உங்கள் சீனியும், காய்ச்சல் வந்தால் நீங்கள் வாய் திறந்து சொல்வதும்தான்.

முதலில் கால். றப்பர் பூட்ஸ் போடுங்கள் என்று சொல்வது எனக்கு லேசு, முழங்கால் சேற்றில் அதோடு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். உழவு, வரம்பு கட்டு என்று ஆழச் சேற்றில் நிற்கும் நாட்களில் முடியாவிட்டாலும், பசளை எறியவும் மருந்தடிக்கவும் தண்ணீர் கட்டவும் போகிற நாட்களில் போடலாம்தானே. காலில் திறந்த புண் இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம், அன்றைக்கு ஒரு கூலியாளைப் பிடியுங்கள், அந்தக் காசு வீண் அல்ல. வயலால் ஏறியதும் வாய்க்கால் தண்ணீரில் அலம்பிவிட்டு வீட்டுக்கு வராமல், சவுக்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசி இரண்டு விரலின் இடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே தோல் வெள்ளையாக ஊறி, நடுவில் நூல் கனத்துக்கு ஒரு சிவந்த வெடிப்பு இருக்கும். நோகாது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குதியைத் திருப்பிப் பார்க்க இடுப்பு வளையவில்லை என்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் வந்து போன கிணறென்றால் குளோரின் போட்டு இறைத்த பிறகும் கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள்.

பிறகு, காய்ச்சல். பனடோலைப் போட்டுக்கொண்டு நாலு நாள் படுத்துக் கிடப்பது மற்றவர்களுக்குச் சரிவரலாம். உங்களுக்கு இல்லை. இரண்டாம் நாளும் காய்ச்சல் நின்றால் வைத்தியசாலைக்குப் போங்கள், மூச்சு முட்டினால் அல்லது தலை சுற்றி மயக்கம் வந்தால் அன்றைக்கே போங்கள். போனதும், கேட்கும்வரை காத்திராமல், "எனக்குச் சீனி இருக்கிறது, நான் வயலில் இறங்குகிறவன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நோய் சிலருக்கு நியூமோனியாவாக வரும், சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாக வரும், மூட்டில் சீழாக வரும், மாதக்கணக்கில் இருமி மெலிந்து காசநோய் மாதிரியும் வரும். தோற்றத்தை வைத்துப் பிடிக்க முடியாது. அன்டிபயோட்டிக் தொடங்குமுன் எடுக்கும் பிளட் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சாதாரணமாகப் போடும் பெனிசிலின், அம்பிசிலின், ஜென்டமைசின் போன்றவை இந்தக் கிருமியிடம் எடுபடாது. கேட்கிற ஊசி மருந்துகள் வேறு, அவற்றை 10 தொடக்கம் 14 நாளாவது இரத்தக் குழாயில் ஏற்றி, அதன்பிறகு குறைந்தது மூன்று மாதம் குளிசை விழுங்க வேண்டும். வீட்டுக்கு வந்து தேறியவுடன் குளிசையை விட்டவர்களுக்குத் திரும்பவும் வந்திருக்கிறது. கலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமி என்று சொன்னேனே, அதனால்தான் இத்தனை மாதம்.

சீனியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் எச்.பி.ஏ.வன்.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? விதைப்புக்கு முன் அதை ஒருமுறை பார்க்கும் பழக்கம் வயல்காரர் எல்லோருக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி, காத்தான்குடியிலிருந்து: உம்மாவுக்குச் சீனி. எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று ஒரு மா வாங்கிக் கொடுக்கிறோம், டின் ஒன்று ஆயிரக்கணக்கில் முடிகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம். உம்மாவின் கலங்களுக்குக் குறைவாக இருப்பது அந்த டின்னில் இல்லை. டின்னின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள், பலவற்றில் மோல்ற்றோடெக்ஸ்ட்ரின் என்ற மாப்பொருள் அல்லது சீனி இருக்கும், அதுவே இரத்தத்தில் சீனியை ஏற்றும். அந்தக் காசுக்கு மீன், முட்டை, பருப்பு, முருங்கை இலை, வல்லாரை வாங்குங்கள், ஒரு குளுக்கோமீற்றர் வாங்குங்கள். குறிஞ்சா இலையும் பாகற்காயும் கறியாகச் சாப்பிடட்டும், குளிசைக்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி, கல்முனையிலிருந்து: எனக்கு 52 வயது. சீனி வருத்தம் உண்டு. மூன்று கிழமையாக இருமல், உடம்பும் மெலிகிறது. சளிப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். காசநோய் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று போகாமல் இருக்கிறேன். சீனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நாளைக்கே சளியைக் கொடுங்கள். தொடர்பைச் சொல்கிறேன், வாசித்துவிட்டு யோசித்துக்கொண்டிராமல் போகவேண்டும்.

காசநோய்க் கிருமியை நுரையீரலில் மக்ரோபேஜ்கள் விழுங்கிவிடும், ஆனால் தனியாகக் கொல்ல அவற்றால் முடியாது. வெண்குருதிக் கலங்களில் இன்னொரு வகையான ரி-கலங்கள் வந்து உசுப்பிவிட்டால்தான் கொல்லும் வேகம் வரும். "இங்கே கிருமி இருக்கிறது" என்ற செய்தி நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே ரி-கலங்கள் பெருகி, நுரையீரலுக்குத் திரும்பி வரவேண்டும். சீனி கூடிய எலிகளில் இந்தச் செய்தி போவதே பிந்துகிறது, ரி-கலங்கள் வந்துசேரும்போது கிருமி நன்றாகப் பெருகிவிட்டது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பிந்தி வந்த பிறகு அளவுக்கு மிஞ்சிய சண்டை, அதில் நுரையீரலும் சேர்ந்து பழுதாகிறது. மனிதரில், சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. மெலிவதைச் சீனியின் தலையில் போட்டுவிட்டு இருமலைக் குளிரின் தலையில் போட்டுவிடுவதால்தான் பலருக்குப் பிந்துகிறது.

காசநோய்க்கு அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், வழக்கமாக ஆறு மாதத்தில் மாறும். மருந்து தொடங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ரிபாம்பிசின் என்ற குளிசை கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசைகளின் வேலையைக் குறைத்துவிடும், சீனி ஏறும். ஆகவே இரண்டு கிளினிக் கொப்பியையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். ஊர் வாயைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைத்தான் நினைக்க வேண்டும்.

கேள்வி, அக்கரைப்பற்றிலிருந்து: மகளுக்கு 9 வயது. போன வருடம் முதலாம் வகைச் சீனி வருத்தம் என்று கண்டு இன்சுலின் போடுகிறோம். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்தது, நீ சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று மாமி சொல்கிறா. உண்மையா?

பதில்: இல்லை தங்கச்சி. கொஞ்சமும் உண்மை இல்லை. மற்றவர்களுக்குச் சீனியால் கலங்கள் பழுதாவதைப் பற்றி மேலே எழுதினேன், உங்கள் மகளுக்கு நடந்தது எதிர்ப்பக்கம். அவளுடைய ரி-கலங்கள் நல்ல பலத்தோடுதான் இருந்தன, ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பிழையாக எதிரி என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டன. நீங்கள் கொடுத்த சாப்பாடோ கொடுக்காத சாப்பாடோ இதற்குக் காரணம் அல்ல. மாமிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

1922 தை மாதத்தில் கனடாவின் ரொறன்ரோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்படும்வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் கொஞ்சக் காலத்தில் இறந்துவிடுவார்கள். இன்று அவர்கள் படித்து, வேலை செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அந்த ரி-கலங்களை அடக்கி நோயைச் சில காலம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் பற்றி யாராவது சொன்னால் ஓட வேண்டாம், அது இன்சுலின் தொடங்கிவிட்ட பிள்ளைகளுக்கானது அல்ல. மகளின் சீனியை ஒழுங்காக வைத்திருந்தால் மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு அதிகம் காய்ச்சல் வரவேண்டிய காரணம் இல்லை. பாடசாலையில் போடும் தடுப்பூசி எதையும் தவறவிட வேண்டாம்.

கேள்வி, வாழைச்சேனையிலிருந்து: மீன் முள் குத்தி வலது கை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் சீனி 310 காட்டியது. சாப்பிடாத மனிசனுக்கு எப்படி ஏறும்? மெசின் பிழையா? சாப்பாடு இல்லை என்று இன்சுலினையும் போடவில்லை.

பதில்: மெசின் பிழை இல்லை ஐயா. உடம்பில் கிருமி புகுந்ததும் கோட்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்கள் கூடும். சண்டைக்குச் சக்தி வேண்டும் என்று அவை ஈரலில் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் வேலை செய்யவிடாது. சாப்பிடாமலே ஏறுவது இதனால்தான். ஏறிய சீனி கலங்களை மந்தமாக்கும், மந்தமான கலங்கள் கிருமியை விடும், கிருமி இன்னும் சீனியை ஏற்றும். இந்தச் சுழலை வெட்டக்கூடியது நீங்கள் போடாமல் விட்ட அந்த இன்சுலின். காய்ச்சல் நாளில் இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உங்கள் கிளினிக்கில் இப்போதே, சுகமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாலு ஐந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனியைப் பாருங்கள், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ சூப்போ குடித்துக்கொண்டிருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மெட்போமினையும், "பிளோசின்" என்று முடியும் பெயருள்ள குளிசைகளையும் அந்த நாட்களில் நிறுத்திவைக்க வேண்டுமா என்று உடனே டொக்டரிடம் கேளுங்கள்.

கையைப் பற்றி. கடல் தண்ணீரிலும் களப்பிலும் இருக்கும் சில பற்றீரியாக்கள் சீனியோ ஈரல் வருத்தமோ உள்ளவரின் சதையை மணித்தியாலக் கணக்கில் தின்றுவிடும். முள் குத்திய இடத்தின் வீக்கம் கண்முன்னே மேலே ஏறுகிறது, கொப்பளம் எழும்புகிறது, பார்க்கிற காயத்துக்கு மிஞ்சிய நோ இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே போகவேண்டும். ஏற்பு ஊசி போட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கேள்வி, திருக்கோவிலிலிருந்து: எச்.பி.ஏ.வன்.சி. 9.4. மாசி மாதம் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை, அதற்குள் சீனியைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடம் கெட்டுப்போன கலங்கள் மூன்று மாதத்தில் சரியாகுமா? அலைக்கழிக்கிறார்களோ என்றும் யோசனை.

பதில்: அலைக்கழிப்பு இல்லை. கத்தி வைத்த இடத்துக்கு முதலில் வரவேண்டியது அந்த நியூட்ரோபில்கள்தான், அவை மந்தமாக இருக்கும்போது வெட்டினால் தையல் பழுக்கும், அதுவும் குடலிறக்கத்துக்கு உள்ளே வலை வைத்துத் தைப்பார்கள், அந்த வலையில் கிருமி பிடித்தால் திரும்பவும் திறக்க வேண்டிவரும். அவசரம் இல்லாத சத்திரசிகிச்சையைப் பல வைத்தியர்கள் 8 அளவுக்காவது இறங்கிய பிறகுதான் செய்வார்கள்.

கலங்கள் சரியாகுமா என்றால், பெரும்பகுதி ஆகும், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் ஆகும். நியூட்ரோபிலின் ஆயுள் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான். எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சை நாள்தோறும் கோடிக்கணக்கில் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சீனி இறங்கிய இரத்தத்துக்குள் வரும் புதுக் கலங்களின் விழுங்கும் திறனும் கொல்லும் திறனும் தேறுவதைப் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். எச்.பி.ஏ.வன்.சி. மட்டும் மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் அது செங்குருதிக் கலங்களில் ஒட்டிய சீனியின் கணக்கு, செங்குருதிக் கலம் 120 நாள் வாழும். ஆகவே முதல் மாதம் அந்த இலக்கம் பெரிதாக அசையவில்லை என்று மனம் விட வேண்டாம், விரலில் குத்திப் பார்க்கும் இலக்கத்தைப் பாருங்கள்.

முழுதாகவே பழையபடி வந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். நெடுங்காலம் சீனியில் ஊறிய என்பு மச்சையின் தாய்க் கலங்களில் அதன் அடையாளம் பதிந்து, சீனி இறங்கிய பிறகும் அவற்றிலிருந்து பிறக்கும் மக்ரோபேஜ்கள் சண்டைக் குணத்தோடே பிறக்கின்றன என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மரத்த நரம்பும் ஒடுங்கிய குழாயும் மூன்று மாதத்தில் திரும்பாது. ஆனால் உங்கள் தையல் பழுக்காமல் மாறுவதற்கு வேண்டியது இந்த மூன்று மாதத்தில் கிடைக்கக்கூடியதுதான்.

எப்படி இறக்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 9.4 என்றால் சாப்பாட்டை மட்டும் குறைத்துப் பார்ப்போம் என்று இருக்க முடியாது, மருந்தை மாற்ற வேண்டும், சத்திரசிகிச்சைவரைக்கும் கொஞ்சக் காலம் இன்சுலின் என்று சொன்னால் பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் பிட்டும் இடியப்பமும் தட்டு நிறையச் சாப்பிடுகிறவர் என்றால் அதைப் பாதியாக்கி மீதி இடத்தில் மரக்கறியையும் மீனையும் வையுங்கள். பால் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். புகைப்பவர் என்றால் இன்றைக்கே விடுங்கள், அது தனியாகவே புண் மாறுவதைக் கெடுக்கும். கார்த்திகையில் ஒருமுறை, தையில் ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து அந்த ரிப்போர்ட்டுகளைக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு போங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி, நியூமோகொக்கல் தடுப்பூசி இரண்டையும் பற்றி அப்போதே கேளுங்கள். சீனி வருத்தக்காரருக்கு இந்த ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, பெரும்பாலும் தனியார் மருந்தகத்தில் காசுக்குத்தான் வாங்க வேண்டிவரும், ஆகவே விலையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.